செத்தவீட்டுச் சோறும் ஹோமரும்

மே 22, இரவு 9.40

அக்கரைப்பற்றிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "உலகப் பேரிலக்கியம் என்று நீங்கள் தூக்கிப் பிடிக்கிற புத்தகங்களில் இருப்பதெல்லாம் அரசர்களும் வாளும் கப்பலும்தான். வயலுக்கும் கடலுக்கும் போகிற எங்கள் சனத்துக்கு அதில் என்ன இருக்கிறது? ஒன்றைக் காட்டுங்கள் பார்ப்போம்."

காட்டுகிறேன். கிரேக்கக் கவி ஹோமரின் இலியட்டில் 24 பாகங்கள். கடைசிப் பாகத்தில் திரோய் நகரத்துக் கிழட்டு அரசன் பிரியாம், தன் மகன் ஹெக்டரின் உடலைக் கேட்டு, மகனைக் கொன்ற அகிலீஸின் கூடாரத்துக்கே இரவில் போகிறான். கொன்றவனின் கையை முத்தமிடுகிறான். இவன் மகனை நினைத்து அழ, அவன் தன் தகப்பனையும் செத்துப்போன சிநேகிதனையும் நினைத்து அழுகிறான்.

2022இல் மின்வெட்டுக் காலத்தில் இதை அம்மாவுக்குச் சொன்னேன். காரைதீவில் எங்கள் வீட்டு விறாந்தையில் குப்பி விளக்கு. மடியில் ஆங்கிலப் புத்தகம், வாயில் தமிழ். அம்மா முறத்தில் அரிசி கிளறிக்கொண்டு கேட்டார். இரண்டு பேரும் அழுகிற இடத்தில் நான் நிறுத்தினேன். எனக்கே தொண்டை அடைத்தது.

அம்மா கேட்டார்: "அழுதது சரி. அந்தக் கிழவனுக்கு ஆரும் சாப்பாடு குடுத்தாங்களா மனே?"

அடுத்த பக்கத்தில் இருப்பது அதுதான். அகிலீஸ் உடலைக் கழுவுவித்து வண்டியில் ஏற்றுவித்துவிட்டு வந்து, இனிச் சாப்பாட்டை நினைப்போம் என்கிறான். பன்னிரண்டு பிள்ளைகளையும் ஒன்றாகப் பறிகொடுத்த நியோபேகூட அழுது களைத்தபின் சாப்பாட்டை நினைத்தாள் என்று சொல்லி, ஆட்டை அறுத்துச் சமைப்பிக்கிறான். மகன் செத்த நாளிலிருந்து வாயில் ஒன்றும் வைக்கவில்லை, கண்ணும் மூடவில்லை, இப்போதுதான் உண்டேன் என்கிறான் கிழவன்.

காரைதீவில் முறத்தோடு இருந்த ஒருத்திக்கு ஹோமரின் அடுத்த பக்கம் தெரிந்திருந்தது. எங்கள் சனத்துக்கு அதில் என்ன என்று கேட்டவருக்கு என் பதில் இது.

மே 23, காலை

இரவு எழுதியதில் ஒன்று விட்டுப்போயிற்று. செத்தவீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. பிரேதம் போகும்வரை அயலவர்கள்தான் தேநீரும் சாப்பாடும் கொண்டுவருவார்கள். சின்ன வயதில் தூக்குச்சட்டியில் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தது ஞாபகம். அழுதுகொண்டிருக்கிற மனுசியின் கையில் கோப்பையைத் திணிப்பதற்கு ஒருத்தி எப்போதும் இருப்பாள். "ஒரு வாய் குடி கா" என்பாள். அந்த ஒருத்தியின் வேலையைத்தான் அகிலீஸ் செய்கிறான். வேறு எந்தக் காவியத்தில் ஒரு வீரனுக்கு இந்த வேலை கொடுத்திருக்கிறார்கள்?

மே 23, மதியம்

மட்டக்களப்பு நண்பர் ஒருவர் திருத்துகிறார்: நியோபேயின் பிள்ளைகள் பதினான்கு பேராம்.

இரண்டும் சரி. ஹோமரில் ஆறு ஆண், ஆறு பெண். ஏழு ஏழாகப் பதினான்கு என்பது ரோமக் கவிஞர் ஓவிட்டின் கணக்கு. எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. ஓவிட்டில் நியோபே கல்லாகி அழுதுகொண்டே இருக்கிறாள். ஹோமரிலும் கல்லாகத்தான் போகிறாள், ஆனால் அதற்கு முன்னே அவளுக்குப் பசிக்கிறது. ஒன்பது நாள் பிள்ளைகள் அடக்கமில்லாமல் கிடக்கிறார்கள். ஊராரையும் கடவுள் கல்லாக்கிவிட்டதால் தூக்க ஆளில்லை. பத்தாம் நாள் கடவுளரே அடக்கம் செய்கிறார்கள். அதற்குப் பிறகுதான் அவள் உண்கிறாள்.

மே 25

சரி, அகிலீஸை அளவுக்கு மீறி உயர்த்திவிட்டேன். நேற்றிரவு 19ஆவது பாகத்தைத் திரும்பப் படித்தேன். அங்கே சிநேகிதன் பத்ரோக்ளஸ் செத்துக் கிடக்கிறான். உடனே போருக்குப் புறப்படு, பழி வாங்கும்வரை ஒருவனும் உண்ணக்கூடாது என்று நிற்கிறான் இதே அகிலீஸ். ஒடிசியஸ் மறுக்கிறான். செத்தவனுக்கு வயிற்றால் துக்கம் காக்க முடியாது, ஒருநாள் அழுவோம், அடக்கம் செய்வோம், மிஞ்சியவர்கள் உண்டு குடித்துத்தான் ஆகவேண்டும் என்கிறான். படை உண்கிறது. அகிலீஸ் வாய் திறக்கவில்லை. கடைசியில் அவன் நெஞ்சுக்குள் கடவுளரே அமுதத்தை ஊற்றவேண்டியிருக்கிறது.

சாப்பிட மாட்டேன் என்று அடம்பிடித்தவன்தான் ஐந்து பாகம் தள்ளி எதிரியின் தகப்பனைச் சாப்பிட வைக்கிறான். அவன் எவ்வளவு தூரம் வந்துவிட்டான் என்பதை ஹோமர் நமக்கு எடுத்துச் சொல்வதில்லை. ஒரு சாப்பாட்டை மறுக்க வைக்கிறார், இன்னொன்றைப் பரிமாற வைக்கிறார், அவ்வளவுதான். இருபது வருடமாக இந்தப் புத்தகத்தைப் படிக்கிறேன், அம்மா கேட்டிராவிட்டால் இந்த இரண்டையும் நான் சேர்த்துப் பார்த்திருக்கவே மாட்டேன்.

மே 26

அக்கரைப்பற்று வாசகர் திரும்ப வந்துவிட்டார். ஆயிரத்தொரு இரவுகளில் ஒரு பிச்சைக்காரனை உட்காரவைத்து, இல்லாத விருந்தை ஒவ்வொரு தட்டாகப் பரிமாறுகிற கதை இருக்கிறதே, அதை எங்கே வைப்பீர்கள் என்கிறார். மேலே வைப்பேன். வெறுங்கையைக் கழுவி, வெறுங்காற்றை மென்று, அருமை அருமை என்று புகழ்ந்துகொண்டே போகிறான் அந்த ஏழை. பசித்தவன் பணக்காரன் முன் என்னென்ன நடிக்கவேண்டியிருக்கிறது என்பதை இவ்வளவு தெளிவாக நான் வேறெங்கும் படித்ததில்லை. கடைசியில் அவனுக்கு நிஜச் சாப்பாடு கிடைக்கிறது. அதற்காகவே அந்தக் கதை எனக்குப் பிடிக்கும்.

அவர் வீட்டு நோன்புக் கஞ்சியை நான் குடித்திருக்கிறேன், அதையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

மே 28, இரவு

கண்ணகி அம்மன் கோயிலில் கதவு திறந்து வழக்குரை வாசிக்கிறார்கள். ஒலிபெருக்கிச் சத்தம் வீடுவரை வருகிறது. வழக்குரை இளங்கோவின் நூல் அல்ல. எங்கள் பக்கத்துக் கோயில்களில் வைகாசிச் சடங்குக்குப் படிக்கிற காவியம். சிலம்பில் இல்லாத கடலோட்டெல்லாம் இதில் உண்டு. இதைக் கேட்டுக்கொண்டே சிலப்பதிகாரத்தை எடுத்துக் கொலைக்களக் காதைக்குப் போனேன்.

மதுரைக்கு வெளியே மாதரி வீட்டில் கண்ணகி கடைசியாகச் சமைக்கிற இடம். ஆய்ச்சியர் பலாக்காய், வெள்ளரிக்காய், மாதுளங்காய், மாம்பழம், வாழைப்பழம், சாலி அரிசி, பால்படுபொருள் எல்லாம் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். கொடுவாய்க் குயம் என்கிறார் இளங்கோ, வளைந்த வாயுள்ள அரிவாள். அதில் காய் அரிந்து அவள் மெல்விரல் சிவக்கிறது. வைக்கோல் தீயில் முகம் வியர்க்கிறது, கண் சிவக்கிறது. செல்வர் வீட்டுப் பெண் அவள். குருத்து வாழையிலையை விரித்து, "அமுதம் உண்க அடிகள் ஈங்கு" என்கிறாள். கோவலன் உண்டுவிட்டு, சிலம்பை வாங்கிக்கொண்டு போகிறான். திரும்பி வரவில்லை.

இலியட்டில் சாவுக்குப் பிறகு சாப்பாடு வருகிறது, இங்கே சாவுக்கு முன்னே. அரசனிடம் நீதி கேட்கிற கண்ணகியை எல்லாரும் பாடுகிறோம். அந்தச் சிவந்த விரலை அவ்வளவாகப் பேசுவதில்லை. என்னைக் கேட்டால், வழக்குரைக்கப் போகிறவள் ஒரு கையில் சிலம்பைப் பிடித்திருக்கும்போது அதே விரல்களில் அன்றைய அரிவாள் பட்ட சிவப்பும் இருந்திருக்கும்.

மே 29

ஒருவர் மணிமேகலையின் "உண்டி கொடுத்தோர் உயிர்கொடுத்தோரே" வரியைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். அந்த வரி எல்லா அன்னதானப் பதாகையிலும் இருக்கிறது. நான் அதைவிட ஆதிரையைச் சொல்வேன். அமுதசுரபியில் முதற்பிச்சை இட்டவள். அவள் புருசன் சாதுவன் கப்பல் உடைந்து கடலில் போய்விட்டான் என்று செய்தி வந்து, தீ மூட்டி அதில் இறங்கியவள். தீ அவளைச் சுடவில்லை, அவனும் உயிரோடு திரும்பிவிட்டான். வற்றாத பாத்திரத்துக்கு முதற்சோறு இடுவதற்கு ஊரிலுள்ள அத்தனை பேரிலும் சாத்தனார் தேர்ந்தது கடல் கொண்டுபோனதாகக் கேட்டு உடைந்த ஒருத்தியை.

இதை அம்மாவிடம் சொன்னேன். "அவளுக்குத் திரும்பி வந்திட்டான்" என்றார். பிறகு எழும்பிப் போய்விட்டார்.

மே 31

மெசொப்பொத்தேமியாவின் பழங்காவியம் கில்கமேஷ் பற்றிக் கேட்கிறீர்கள். அதில் இரண்டு இடம். சிநேகிதன் எங்கிடு செத்தபின் ஆறு பகல் ஏழு இரவு, மூக்கிலிருந்து புழு விழும்வரை உடலை அடக்கத்துக்குக் கொடுக்காமல் வைத்திருக்கிறான் கில்கமேஷ். பிறகு சாவுக்கு மருந்து தேடி அலைகிறான். கள் விற்கிற சிதூரி என்ற பெண் சொல்கிறாள்: வயிற்றை நிரப்பு, குளி, சுத்தமான உடுப்புப் போடு, உன் கையைப் பிடிக்கிற பிள்ளையைப் பார். அவள் அயல்வீட்டு அக்காவேதான்.

ஆனால் அவளுடைய இந்தப் பேச்சு இருப்பது பழைய பாபிலோனியக் களிமண் பலகையில்தான். பிற்காலத்தில் பன்னிரண்டு பலகையாக ஒழுங்குபடுத்திய வடிவத்தில் இது இல்லை. யார் எடுத்தார்களோ, எடுத்திருக்கக் கூடாது. அந்த வடிவத்தில் அவன் அலைச்சலுக்குப் பெருமை கூடுகிறது, பக்கத்தில் நின்று சாப்பிடச் சொல்ல ஆளில்லாமல் போகிறது.

ஜூன் 1

செர்வாந்தேஸின் ஸ்பானிய நாவல் டான் கிஹோத்தேயைத் திறந்தவுடன், 1605இல் வந்த முதற்பாகத்தின் இரண்டாவது வாக்கியமே கதாநாயகர் கிழமைக்குக் கிழமை என்ன சாப்பிட்டார் என்பதுதான். ஆட்டிறைச்சியைவிட மாட்டிறைச்சி கூடுதலான குழம்பு, வெள்ளிக்கிழமை பருப்பு, ஞாயிறு புறா. வருமானத்தின் முக்கால் பங்கு அதற்கே போய்விடும். நெல் ஆலையில் கணக்கு எழுதுகிறவன் நான். ஒரு மனிதனை இதைவிடச் சுருக்கமாக அறிமுகப்படுத்த முடியாது.

ஜூன் 3, அதிகாலை

கொழும்பிலிருந்து ஒரு தங்கை நல்ல அடி போட்டிருக்கிறார். ஜப்பானின் கெஞ்சி கதை, 54 அத்தியாயம், ஆயிரம் வருடத்துக்கு முன் முராசாகி என்ற பெண் எழுதியது. அதில் யாராவது வயிறாரச் சாப்பிட்டுப் பார்த்தீர்களா என்கிறார்.

இல்லை. அந்த அரண்மனைக்காரருக்குச் சாப்பாட்டைப் பேசுவதே இழுக்கு. அங்கே துக்கம் உடுப்பின் நிறத்தில் வருகிறது, கடிதத் தாளில் வருகிறது. கெஞ்சி இறப்பதைச் சொல்லவேண்டிய இடத்தில் ஒரு அத்தியாயத் தலைப்பு மட்டும் வழிவழியாக வருகிறது, கீழே ஒரு சொல்லும் இல்லை. அந்த வெறுந்தலைப்பின் முன் நான் வெகுநேரம் இருந்திருக்கிறேன். ஆகவே சாப்பாடு இருந்தால் பெரிய நூல் என்ற அளவுகோல் இங்கே நிற்காது. நான் அப்படிச் சொல்லவில்லை என்று வாதாடலாம், ஆனால் பாதி அப்படித்தான் சொல்லிக்கொண்டு வந்தேன். விட்டுவிடுகிறேன்.

ஜூன் 4

ரஷ்யர்களை எப்படி இவ்வளவு நாள் மறந்தேன்? மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகத்தின் கட்டிப் புத்தகங்களில் வாசிக்கப் பழகியவன் நான்.

போரும் வாழ்வும். 1812, மாஸ்கோ. பிரெஞ்சுக்காரர் கைதிகளைச் சுட்டுக்கொல்வதைப் பார்த்துவிட்டுப் பியேர் ஒரு கொட்டிலில் கிடக்கிறான். உள்ளே எல்லாம் இற்றுப்போய்விட்டது, கடவுளும் இல்லை, உலகமும் இல்லை. பக்கத்தில் பிளாத்தோன் என்ற குடியானவச் சிப்பாய். துணிப்பொட்டலத்திலிருந்து சுட்ட உருளைக்கிழங்கை எடுத்து, உள்ளங்கையில் வைத்துக் கத்தியால் இரண்டு சம பாதியாக வெட்டி, துணியிலிருந்த உப்பைத் தூவி நீட்டுகிறான். இதைவிட ருசியான ஒன்றைத் தின்றதேயில்லை என்று பியேருக்குப் படுகிறது. தோல்ஸ்தோய் பிறகு தத்துவம் நிறையச் சொல்கிறார். எனக்கு அந்த உப்பு போதும்.

கரமாசவ் சகோதரர்கள், 1880. கடைசியில் ஒரு சிறுவனின் அடக்கம். முடிந்ததும் அவன் வீட்டில் அப்பம் சாப்பிடவேண்டும், அது அவர்கள் வழக்கம். இவ்வளவு துக்கம், உடனே அப்பமா, விசித்திரமாக இருக்கிறதே என்று கோல்யா என்ற பொடியன் கேட்கிறான். அது பழங்காலத்திலிருந்து வருகிறது, அதில் நல்லது இருக்கிறது என்று அல்யோஷா சிரித்துக்கொண்டு அழைத்துப்போகிறான். இதை எழுதும் முன் தஸ்தயேவ்ஸ்கி தன் சின்ன மகனைப் பறிகொடுத்திருந்தார், 1878இல். அந்தப் பிள்ளையின் பெயரும் அல்யோஷாதான்.

ஜூன் 5

எங்கள் ஊர்க்காரர் விபுலாநந்த அடிகள் 1926இல் மதங்க சூளாமணியில் ஷேக்ஸ்பியரைச் செகசிற்பியார் ஆக்கித் தமிழுக்குக் கொண்டுவந்தவர். உலகத்தைச் செதுக்கிய சிற்பி. ஒலியும் பொருளும் இப்படிப் பொருந்திய மொழிமாற்றுக் குறைவு. அந்தச் செகசிற்பியாரின் ஹாம்லெட் சொல்கிறான்: தகப்பனின் செத்தவீட்டுக்குச் சுட்ட பலகாரம் ஆறிப்போய் தாயின் கலியாணப் பந்திக்கு வந்தது என்று. இரண்டு வீட்டுச் சாப்பாட்டையும் கலக்கக் கூடாது என்பது எங்களுக்கும் தெரியும்.

ஜூன் 8

தாந்தே. நரகத்தையும் சொர்க்கத்தையும் நடந்து பார்ப்பதாகப் பாடிய இத்தாலியக் கவிஞர். மூன்று இடம், மூன்றும் வேறுவேறு.

நரகத்தில் உகோலினோ. பிள்ளைகளோடு கோபுரத்தில் அடைத்துப் பட்டினி போடப்பட்டவன். துக்கத்தால் முடியாததைப் பசி செய்து முடித்தது என்று நிறுத்துகிறான். பட்டினி அவனைக் கொன்றதா, அல்லது பிள்ளைகளின் உடலை நோக்கித் தள்ளியதா என்று இன்னும் சண்டை பிடிக்கிறார்கள். இதை அம்மாவுக்கு நான் சொல்லவில்லை.

சொர்க்கத்தில் தாந்தேயின் முன்னோன் ஒருவன் அவரிடம் சொல்கிறான்: பிறர் வீட்டு ரொட்டி எவ்வளவு உப்புக் கரிக்கும் என்று அறிவாய். 1302இல் ஊரைவிட்டு விரட்டப்பட்டு, 1321இல் அந்நிய ஊரில் செத்தவர் தாந்தே. அவர் பிறந்த புளோரன்ஸ் பக்கத்தில் ரொட்டிக்கு உப்பே போடுவதில்லை. அகதி முகாமில் வரிசையில் நின்ற எவருக்கும் இந்த வரிக்கு உரை வேண்டாம்.

மூன்றாவது தாந்தேயில் இல்லை, பிரிமோ லேவியில். இத்தாலிய யூதர், வேதியியல்காரர், 1944இல் அவுஷ்விட்ஸுக்குக் கொண்டுபோகப்பட்டவர். ஒருநாள் இளம் கைதி ஒருவனோடு சூப் பானை எடுக்கப் போகிறார். வழியில் அவனுக்கு இத்தாலிய மொழி சொல்லிக்கொடுக்க, தாந்தேயின் யுலிஸீஸ் பாடலை நினைவிலிருந்து சொல்கிறார். இடையில் சில வரிகள் வருவதில்லை. அந்த வரிகள் கிடைக்குமென்றால் இன்றைய சூப்பையே கொடுத்துவிடுவேன் என்கிறார். முகாமில் ஒருவேளை சூப் என்றால் என்ன என்பது அவருக்குத் தெரியும், அதனால்தான் அதை விலையாக வைக்கிறார்.

ஹோமரில் அழுகைக்குப் பின் சாப்பாடு. லேவியில் சாப்பாட்டுக்கு ஈடாக ஒரு கவிதை. இரண்டையும் ஒரே கூடைக்குள் போட நான் முயன்று பார்த்தேன், முடியவில்லை. லேவி தனியே நிற்கட்டும்.

ஜூன் 11, இரவு

ஆதிரையைப் பற்றிச் சொன்னபோது அம்மா ஏன் எழும்பிப் போனார் என்று நேற்றுத்தான் தெரிந்தது.

2004 திசம்பர் 26, ஞாயிறு, பௌர்ணமி. மாமா, அம்மாவின் தம்பி, விடியவே கரைவலைக்குப் போயிருந்தார். அவர் உடல் கிடைக்கவில்லை. நாங்கள் ஓடி ஓடி உள்ளுக்குள் ஒரு பள்ளிக்கூடத்தில் போய் இருந்தோம். பின்னேரம் சம்மாந்துறைப் பக்கத்திலிருந்து லொறியில் சோற்றுப் பார்சல் வந்தது. எனக்கு ஞாபகம் இருப்பது இவ்வளவுதான்.

அம்மா நேற்று நியோபேயைத் திரும்ப வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "அண்டைக்கு ஒரு முஸ்லிம் மனுசி என்ர கையில பார்சலத் தந்தா. சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி. என்ர தம்பி கடலுக்குள்ள கிடக்கக்குள்ள நான் அத ஒரு பருக்க விடாமத் திண்டன் மனே. லஞ்ச் சீட்ட வழிச்சும் திண்டன். ருசியா இருந்திச்சி."

இத்தனை வருடமாக அதை யாரிடமும் சொன்னதில்லையாம். மாமாவின் திவசத்தன்று அம்மா வீட்டில் எல்லாக் கறியும் வைப்பார், கத்தரிக்காய் மட்டும் வைக்கமாட்டார். பிடிக்காது என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம்.

"அவளுக்கு எத்தினையாம் நாள் பசிச்ச?" என்று கேட்டார்.

"பத்தாம் நாள்."

"எனக்கு அண்டைக்கே பசிச்சிட்டு."

எனக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. 19ஆவது பாகத்தை எடுத்து, வயிற்றால் துக்கம் காக்க முடியாது என்று ஒடிசியஸ் சொல்கிற இடத்தை மட்டும் வாசித்தேன். அது எழுதியவன் ஆர், எந்த ஊர் என்று கேட்டார். கண் தெரியாதவன் என்று சொல்வார்கள், ஊர் பற்றி ஏழு ஊர்கள் சண்டை பிடித்தன என்றேன்.

ஜூன் 12

நேற்றைய குறிப்புக்கு வந்த எல்லாவற்றையும் படித்தேன். அக்கரைப்பற்று வாசகருக்கு: அந்த லொறியில் வந்தவர்கள் யார் என்று விசாரித்துப் பார்க்கிறேன் என்கிறீர்கள். வேண்டாம் என்று அம்மா சொல்கிறார், ஆனால் இரண்டு தரம் கேட்டால் ஓம் என்பார் போலிருக்கிறது.

ஜூன் 19

இன்று ஆலையிலிருந்து வர ஏழு மணி. விறாந்தையில் அம்மா அயல்வீட்டு அக்காவுக்கு நியோபே கதை சொல்லிக்கொண்டிருந்தார். பெயர் அவர் வாயில் நியோபம்மா ஆகியிருந்தது. பிள்ளைகள் பன்னிரண்டு, சரி. ஒன்பது நாள் அடக்கம் இல்லை, சரி. ஊரெல்லாம் கல்லாய்ச் சமைந்துபோயிற்று என்று சொல்லிவிட்டு, "ஒரு மனுசி மட்டும் கல்லாகல்ல. அவதான் பார்சல் கொண்டு வந்த" என்றார்.

அக்கா, பார்சலில் என்ன கறி என்று கேட்டார்.